மாட்டுங்காவில் வாடகைக்கு இருக்கலாமா? மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

மும்பையில் வீடு தேடும் தமிழர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வரும் பெயர் மாட்டுங்கா, அடுத்த மூச்சிலேயே "ஆனா வாடகை கட்டுப்படியாகாதே" என்றும் வரும். இரண்டும் சரிதான். நாங்கள் மாட்டுங்கா கிழக்கில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஐந்தாறு நிமிட நடையில், முகப்பில் 1938 என்று சுண்ணாம்பில் புடைத்து எழுதியிருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். நான், என் கணவர், என் அம்மா, மூன்று பேர். இங்கே வருவதற்கு முன்னால் இந்தப் பகுதியைப் பற்றி இணையத்தில் எவ்வளவோ தேடிப் படித்தேன். இட்லி எந்த ஹோட்டலில் நன்றாக இருக்கும் என்று நூறு பேர் எழுதியிருந்தார்கள், மழையில் கூரை ஒழுகினால் யார் செலவு செய்வார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் பணக் கணக்கு. 640 சதுர அடி கார்ப்பெட் (சுவர்களுக்குள் அளந்த பரப்பு), இரண்டு படுக்கையறை, ஒரே ஒரு குளியலறை. நாங்கள் வந்தபோது மாதம் 74,000 ரூபாய், டெபாசிட் 3 லட்சம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏறி இப்போது 81,600 கொடுக்கிறோம். இதற்கு முன் தாணே நகரத்தின் கோட்பந்தர் ரோட்டில் ஒரு புதுக் கட்டடத்தில் 22ஆவது மாடியில் இருந்தோம். அங்கே இதைவிடப் பெரிய வீடு, இரண்டு குளியலறை, நீச்சல் குளம், ஜிம், இரண்டு கார் நிறுத்தும் இடம், எல்லாம் சேர்த்து 32,000. வித்தியாசம் 42,000. சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டு எங்களைப் பைத்தியம் என்றார்கள்.

மாறியதற்குக் காரணம் அம்மா. அப்பா போன பிறகு திருநெல்வேலியிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்தோம். அவளுக்கு இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. 22ஆவது மாடியிலிருந்து கீழே இறங்கினால் வாட்ச்மேனிடம் பேச முடியாது, வாசலைத் தாண்டினால் ஆறு வழி நெடுஞ்சாலை, நடந்து போய் வாங்குகிற மாதிரி ஒரு கடை கிடையாது. காய்கறி செயலியில் வரும். ஊரில் காலையும் மாலையும் கடைத்தெருவுக்குப் போய் நாலு பேரோடு பேசிவிட்டு வந்த மனுஷி, ஒன்றரை வருடம் பால்கனியில் உட்கார்ந்து லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கும் அலுவலகம் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில், ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம், மழை பெய்தால் இரண்டு. ஒருநாள் ராத்திரி நான் ஒன்பது மணிக்கு வீடு திரும்பியபோது அம்மா "இன்னைக்கு காலையிலிருந்து இப்பத்தான் வாயத் திறக்கேன்" என்றாள். அந்த வாரமே மாட்டுங்காவில் வீடு பார்க்க ஆரம்பித்தோம்.

வீடு தேடிய அனுபவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எனக்கு இன்னும் ஆறவில்லை. தமிழர் பகுதி, நாமும் தமிழ், சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் போனோம். இங்கே பழைய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பாலக்காடு, தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பிராமணர்கள். பிறகு குஜராத்தி, கட்ச், ஜைனக் குடும்பங்கள் நிறைய வீடுகளை வாங்கியிருக்கிறார்கள். புரோக்கர் போனில் கேட்கும் முதல் கேள்வியே சைவமா அசைவமா என்பதுதான். "மீன் சாப்பிடுவோம்" என்று சொன்னதும் ஏழு வீடு கை நழுவியது, அதில் மூன்று தமிழ் பேசும் ஓனர்களுடைய வீடு. ஒருவர் வீட்டைக் காட்டி, காப்பி கொடுத்து, ஊர் எது என்று கேட்டு, தெரு எது என்று கேட்டு, அப்புறம் மெதுவாகச் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் என்ன தெரிந்துகொள்ள நினைக்கிறார் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். படியிறங்கி வரும்போது அம்மா ஒன்றும் பேசவில்லை. இந்த விஷயத்தில் மாட்டுங்காவுக்கு நான் ஒரு மதிப்பெண்கூடத் தரமாட்டேன், வீடு தேடி வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டே வாருங்கள். போனிலேயே உள்ளதைச் சொல்லிவிடுங்கள், நாற்பது படி ஏறிப்போய் மனம் நோக வேண்டாம். எட்டாவது வீடு ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியை ஒருவருடையது. அவர் கேட்டது இரண்டே கேள்வி: வாடகை எந்தத் தேதியில் வரும், பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவீர்களா? அதுதான் இந்த வீடு.

நடுவில் ஒரு வீடு நல்ல விலைக்கு வந்தது, 55,000தான், எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. விசாரித்தால் அது பகடி வீடு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பகடி என்றால் அந்தக் காலத்தில் ஒரு பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு வாடகைதாரர் உள்ளே வந்திருப்பார், அதன் பிறகு மாத வாடகை சில நூறு ரூபாய், அந்தக் குடியிருக்கும் உரிமை தலைமுறை தலைமுறையாகத் தொடரும். கட்டடம் வேறொருவருக்குச் சொந்தம். இப்படிப்பட்ட வீட்டை அந்தப் பகடி வாடகைதாரர் கட்டட உரிமையாளருக்குத் தெரியாமல் நமக்கு உள்வாடகைக்கு விட்டால், நாளைக்குப் பிரச்சினை என்று வரும்போது நம் கையில் எந்தப் பிடியும் இருக்காது. மும்பைத் தீவு நகரப் பகுதியில், அதாவது மாஹிம், சயன் வரைக்கும், இப்படிப்பட்ட பழைய கட்டடங்கள் ஏராளம். ஆகவே வாடகை ஊர் விலையைவிடக் குறைவாக இருந்தால் முதல் கேள்வி: சொசைட்டி, அதாவது கட்டடத்து வீட்டு உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கம், கொடுக்கும் ஷேர் சர்ட்டிஃபிகேட் யார் பெயரில் இருக்கிறது? காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

ஒப்பந்தம் லீவ் அண்ட் லைசன்ஸ் முறையில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குக் குடியிருக்க அனுமதி மட்டும் தருவது, எங்களுக்குப் பதினொரு மாதம். பதினொரு மாதம் என்றால் பதிவு தேவையில்லை என்று ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு, அது இங்கே செல்லாது. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும், பதிவு செய்வது ஓனரின் பொறுப்பு. பதிவு செய்யாமல் விட்டுப் பின்னால் தகராறு வந்தால், என்ன நிபந்தனையில் குடிவந்தோம் என்று வாடகைதாரர் சொல்வதைத்தான், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, சட்டம் எடுத்துக்கொள்ளும். முத்திரைத்தாள் செலவும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு வருடம் 10 சதவீதம் வட்டி என்று கணக்கிட்டுச் சேர்த்து, அதில் 0.25 சதவீதம். எங்களுக்கு 2,100 ரூபாய் சொச்சம், பதிவுக் கட்டணம் 1,000, வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்துக்கொண்டு போனவருக்குத் தனியாகக் கொஞ்சம். போலீஸுக்கு வாடகைதாரர் விவரம் கொடுப்பதும் இணையத்திலேயே முடிந்துவிடும். இன்னொன்று, பதினொரு மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது புரோக்கர் மறுபடியும் ஒரு மாத வாடகை கேட்டார். ஓனரும் நாங்களும் நேரடியாகப் பேசி முடித்ததற்கு அவருக்கு எதற்கு? கொடுக்கமாட்டோம் என்று சொன்னோம், இரண்டு நாள் போனில் சத்தம் போட்டுவிட்டு விட்டுவிட்டார். நீங்களும் கொடுக்காதீர்கள், முதல் ஒப்பந்தத்தின்போதே இதைப் பேசி வைத்துவிடுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

எனக்கு இந்த வீட்டின் மேல் முதல் நாளே ஆசை வந்ததற்குக் காரணம் பால்கனி. மூலையில் வளைந்து திரும்பும், கைப்பிடிச் சுவரில் மூன்று கோடுகள் கப்பல் பக்கவாட்டில் ஓடுவது போல ஓடும். ஆர்ட் டெக்கோ என்று சொல்லும் அந்தப் பாணியில் 1930களிலும் 40களிலும் கட்டிய வீடுகள் இந்தத் தெருக்களில் வரிசையாக இருக்கின்றன. ஜன்னல் கம்பியில் உதிக்கும் சூரியன், படிக்கட்டில் வழவழவென்று தேய்ந்த தேக்குக் கைப்பிடி. தரை பச்சையும் கறுப்பும் கலந்த மொசைக், மே மாதத்தில் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும். கூரை பதினோரு அடி உயரம். பக்கத்துக் கட்டடத்துக்கும் நமக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் எல்லா அறையிலும் காற்று வரும், பகலில் விளக்கு போட வேண்டியதே இல்லை.

இந்த இடைவெளி சும்மா வந்ததில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசலான குடியிருப்புகளில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்து, ஊருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா பக்கம் அகலமான சாலை, தோட்டம், தள்ளித் தள்ளிக் கட்டடம் என்று மனை போட்டார்கள். தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும்தான், அதற்கு மேல் உயரக் கூடாது. பக்கத்தில் பார்சி காலனியும் ஃபைவ் கார்டன்ஸும் அப்படி வந்தவைதான். இன்றைக்கு என் படுக்கையறையில் குறுக்குக் காற்று வருகிறது என்றால் அந்தக் கொள்ளைநோய்க்குப் பயந்து போட்ட திட்டத்தால்தான் வருகிறது. கோட்பந்தர் ரோட்டில் 22ஆவது மாடியில் ஏசி இல்லாமல் தூங்கியதே இல்லை, இங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஃபேன்கூட மெதுவாகத்தான் ஓடுகிறது.

அதே திட்டத்தால்தான் லிஃப்டும் இல்லை. நாற்பத்திரண்டு படி. அம்மாவுக்கு 71 வயது, இன்றுவரை ஏறிவிடுகிறாள், முதல் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தரைத்தளம் கிடைத்தால் ஒழிய வராதீர்கள். ஆனால் தரைத்தளத்துக்கு வேறு சங்கடம், அதை மழைக்கு வரும்போது சொல்கிறேன். கார் நிறுத்த இடமே கிடையாது. முதல் மூன்று மாதம் தெருவில் நிறுத்தப் போராடினோம், ஞாயிற்றுக்கிழமை டிபன் சாப்பிட ஊரெல்லாம் காரில் வந்துவிடுவார்கள், நம் வாசலிலேயே நமக்கு இடம் இருக்காது. கடைசியில் காரை விற்றோம். தவணை, பெட்ரோல், பழுது என்று மாதம் 19,000 மிச்சமானது, 42,000 வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே ஈடாகிவிட்டது. தண்ணீர் காலை நாலரையிலிருந்து ஏழு வரை, அதற்குள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மாலைக்குள் தீர்ந்துவிடும். மின்சாரம் தருவது பெஸ்ட் என்ற மாநகராட்சி நிறுவனம், இத்தனை நாளில் நீண்ட நேரம் போனது ஒரே ஒரு தடவைதான்.

இப்போது மழை. நாங்கள் குடிவந்தது மே மாதம், சுவரெல்லாம் புது வெள்ளை, எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. ஜூலை இரண்டாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு டொக் டொக் என்று சத்தம். எழுந்து பார்த்தால் ஹால் கூரையில் ஒரு தோசை அளவுக்கு ஈரம், அதன் நடுவிலிருந்து சொட்டுகிறது, கீழே சுவிட்ச் போர்டு. மெயினை அணைத்துவிட்டு அம்மாவின் பித்தளைச் செம்பை வைத்தோம், அது நிரம்ப நாற்பது நிமிடம் ஆனது. விடியும் நேரத்தில் உத்தரத்தின் ஓரத்திலிருந்து கையளவு காரை பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பொரிந்து சிவப்பாகத் தெரிந்தது. ஓனரிடம் சொன்னால் மொட்டை மாடி சொசைட்டியுடையது என்றார், சொசைட்டி செயலாளரிடம் போனால் கட்டடமே புதுப்பிப்புக்குப் போகப்போகிறது, அதாவது பில்டர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார், இப்போது எதற்குச் செலவு என்றார். அந்த ஒரு பதிலில் இந்தப் பகுதியின் பாதிக் கதை அடங்கிவிடுகிறது. எல்லாக் கட்டடமும் பில்டருக்காகக் காத்திருக்கிறது, காத்திருக்கும் வருடங்களில் யாரும் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கமாட்டார்கள், அந்த வருடங்களில் அதற்குள் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற வாடகைக்காரர்கள். அந்த வருடம் நீலத் தார்ப்பாய் போட்டு ஒப்பேற்றினார்கள். அடுத்த மார்ச்சில் எங்கள் ஓனர் தன் கையிலிருந்து பாதி போட்டு, மீதியைச் சண்டை போட்டு வசூல் செய்து, மாடிக்கு வாட்டர்புரூஃபிங் செய்தார், எங்களுக்கு அரை மாத வாடகையும் கழித்துக்கொடுத்தார். நல்ல மனுஷி அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம், அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் குடிவரக்கூடாது.

ஆகவே மேல் மாடி வீடு பார்க்கிறவர்கள் முடிந்தால் ஜூலையில் பாருங்கள். மே மாதம் பார்த்தால் கூரையில் புதுப் பெயிண்ட் தனித்தனித் திட்டாக இருக்கிறதா என்று கவனியுங்கள். 30 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு மாநகராட்சி விதிப்படி ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடத்தின் உறுதிச் சோதனை, செய்திருக்க வேண்டும், அந்த அறிக்கையில் சி1 என்று வந்திருந்தால் இடிக்க வேண்டிய கட்டடம் என்று அர்த்தம், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒழுகினால் இத்தனை நாளுக்குள் ஓனர் செலவில் சரி செய்ய வேண்டும், கட்டடம் புதுப்பிப்புக்குப் போனால் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். நாங்கள் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் சேர்த்தோம்.

தரைத்தளச் சங்கடம் என்று சொன்னேனே, கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் தாழ்வான இடம். பலமாக நாலு மணி நேரம் பெய்து கடலும் ஏற்றத்தில் இருந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சாலையில் முழங்கால் வரைக்கும் நிற்கும். நாங்கள் வந்த பிறகு பார்த்ததில் வேகமாக வடிகிறது, ஆனாலும் நிற்கிறது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு, இரண்டு தெரு தள்ளித் தரைத்தள வீடுகளில் வாசலில் பலகை அடித்து வைத்திருப்பார்கள். வீடு பார்க்கும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பிறகு ஏன் 81,600 கொடுத்து அங்கேயே இருக்கிறாய் என்று கேட்பீர்கள். குடிவந்த மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. போன் மேஜை மேல் இருக்கிறது. பதறிப்போய்க் கீழே ஓடினேன். மார்க்கெட் தெருவில், மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம், ஒரு காய்க்கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரப் பையன் தாராவியில் பிறந்து வளர்ந்தவன், அவன் தாத்தா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவராம். "ஆச்சி, இத நீங்க சரியாப் பாக்கல, நாட்டு சுண்டக்கா இது" என்று அவன் கையை நீட்ட, அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்த்துவிட்டு, "முத்திப்போச்சுலே, வத்தலுக்குத்தான் ஆகும், கிலோவுக்கு பத்து ரூவா கொறச்சுக்கோ" என்றாள். ஒன்றரை வருடமாக நான் கேட்காத குரல் அது. பேரம் பேசுகிற குரல். நான் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன், கூப்பிடவில்லை.

அந்தத் தெரு அப்படிப்பட்டது. சேனை, சிறுகிழங்கு, வாழைப்பூ, வாழைத்தண்டு, நார்த்தங்காய், மாங்காய் இஞ்சி, நறுக்கிக் கட்டிய வாழை இலை, முழம் போட்டு அளக்கும் மல்லி, கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் காப்பித்தூள். எண்பது சதவீதமா, எழுபதா, சிக்கரி எவ்வளவு என்று தமிழிலேயே கேட்பார்கள். கிரி டிரேடிங்கில் பஞ்சாங்கம் முதல் கொலு பொம்மை வரை கிடைக்கும், நல்லியில் பட்டு. புரட்டாசிச் சனிக்கிழமையும் கார்த்திகையும் காலண்டரைப் பார்க்காமலே பூக்கடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அம்மா ஆஸ்திக சமாஜம் கோவிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள், அங்கே நாலு சிநேகிதிகள், ஒருத்தி பாலக்காடு, ஒருத்தி உடுப்பி. உடுப்பிக்காரிக்குத் தமிழ் அரைகுறை, அம்மாவுக்குக் கன்னடம் சுத்தமாகத் தெரியாது, என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். ஷண்முகானந்தா அரங்கம் நடக்கிற தூரம். 1952இல் ஆரம்பித்த சபா அது, 1990இல் அரங்கம் தீப்பிடித்து, பிறகு புதுப்பித்துக் கட்டினார்கள். டிசம்பரில் மெட்ராஸுக்குப் போக முடியாத ஏக்கம் எனக்கு அங்கே பாதி தீர்கிறது.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942இலிருந்து நடக்கும் ராம நாயக் உடுப்பி கிருஷ்ணா போர்டிங்கில் வாழை இலைச் சாப்பாடு நிறைவானது, சனி ஞாயிறு போகாதீர்கள், வரிசை படியிறங்கி வந்துவிடும். கஃபே மெட்ராஸில் ரச வடை, ராம் ஆசிரயில் அன்னாசி கேசரி. எல்லாமே உடுப்பிக் கைப்பக்குவம், சாம்பாரில் லேசாக வெல்லம் இருக்கும், திருநெல்வேலி நாக்கோடு வந்து குறை சொல்லக்கூடாது. அம்மா சொல்லுவாள், வேறு விஷயம். மீனுக்கு சயன் கோலிவாடா பக்கம் போக வேண்டும், அம்மா அங்கேயும் ஒரு ஆளைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

போக்குவரத்தில் மும்பையில் இதற்கு ஈடாக ஓர் இடம் எனக்குத் தெரியவில்லை. மாட்டுங்காவில் மத்திய ரயில், மாட்டுங்கா ரோட்டில் மேற்கு ரயில், கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர், மூன்றும் நடந்து போகலாம். மத்திய ரயிலின் மாட்டுங்கா ஸ்டேஷன் 2017இலிருந்து முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்துவது, ராத்திரி பத்தரைக்கு இறங்கி நடந்து வரும்போது எனக்கு அது ஒரு தைரியம். ஃபாஸ்ட் வண்டி நிற்காது, தாதரில் மாற வேண்டும், அவ்வளவுதான் குறை. என் அலுவலகம் இப்போது அரை மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ராத்திரிச் சாப்பாட்டை மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

சத்தம் உண்டு. கணபதி சமயத்தில் கிங்ஸ் சர்க்கிளில் ஜிஎஸ்பி மண்டல் என்ற அமைப்பு வைக்கும் பிள்ளையார் இருக்கும் ஐந்து நாளும் கூட்டத்தில் தெருவைக் கடக்கவே முடியாது, மேம்பாலத்து லாரிச் சத்தம் விடியற்காலையில் நன்றாகக் கேட்கும். அதே மேம்பாலத்தின் கீழே நீளமாக ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள், நர்மதை ஆறு வளைந்து போவது போல நீல நிறத்தில் நடைபாதை, மழையிலும் நனையாமல் நடக்கலாம். அம்மா ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கேதான் நடக்கிறாள், மற்ற மாதங்களில் ஃபைவ் கார்டன்ஸ்.

தனியாளாக இருக்கிறீர்கள், காலையில் போய் ராத்திரி வந்து படுக்க ஓர் இடம் வேண்டும் என்றால் இந்த வாடகையைக் கொடுக்காதீர்கள், வடாலாவிலோ சயனிலோ இதைவிட நல்ல வீடு குறைந்த விலைக்குக் கிடைக்கும், மார்க்கெட்டுக்கு வேண்டுமானால் பஸ்ஸில் வந்துவிட்டுப் போகலாம். சின்னக் குழந்தையும் காரும் இருந்தால் யோசியுங்கள். வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், படி ஏற முடிந்தால், வாருங்கள். கொஞ்சம் சின்ன வீடாகப் பார்த்தாவது வாருங்கள்.

எங்கள் மூன்றாவது ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. ஓனர் இந்த முறை 7 சதவீதம் கேட்கிறார், சொசைட்டியில் பில்டர் பேச்சும் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. நாங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அம்மா அதற்குள் காய்க்கடைப் பையனிடம் மார்ச் மாதத்துக்கு நாலு கிலோ மாவடு சொல்லிவைத்து, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.